மீதித் தண்ணீர்

என் மனைவி செய்ததை இப்போது மூன்று கோடிப் பேர் செய்கிறார்கள்.

வெளியூர் கிளம்புகிறவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அவர் பாதி குடிப்பார். மீதியை வீட்டில் இருப்பவர் வாங்கி, தட்டுப் போட்டு மூடி வைப்பார். அவ்வளவுதான். விமான நிலைய வாசலில் பார்க்கிறேன். கல்லூரி விடுதிகளின் முன்னால் பார்க்கிறேன். பேருந்து நிலையத்தில் ஒரு பெண் காகிதக் கோப்பையின் வாயைக் கைக்குட்டையால் மூடி, வண்டி போன பிறகும் பிடித்துக்கொண்டு நின்றாள். பாத்திரக் கடைகளில் நடுவில் கோடு போட்ட டம்ளர் வந்துவிட்டது. மூடியோடு சேர்த்து விற்கிறார்கள்.

என் மனைவி இசக்கி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. டெங்கு. ஐந்து நாள்.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் ‘முறை’ என்ற செயலியை நடத்துகிறது. காதில் ஒரு சிறு பொத்தான். கல்யாணம், காதுகுத்து, புதுமனை, சாவு, எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அது காதுக்குள் சொல்லும். உங்கள் ஊர் வழக்கம் எதுவோ அதன்படி. சாதிப் பெயர் எங்கும் வராது. ஊர்ப் பெயரும் அப்பா பெயரும் போதும். மற்றது இயந்திரத்துக்குப் புரியும்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் முறை தெரிந்த ஆள் ஒருவர் இறந்தார். அப்போது வாங்கினார்கள்.

நான் சரிபார்ப்பவன். ஒரு வழக்கம் பொய் என்று யாராவது புகார் செய்தால் விசாரித்து, ‘உண்மை’ அல்லது ‘தவறு’ என்று குறிக்க வேண்டும். இசக்கி சேகரிப்பாளர். ஊர் ஊராகப் போய் மக்களைப் பேசவைத்துப் பதிவு செய்தாள். நானூற்றுப் பன்னிரண்டு வழக்கங்கள் அவள் கொண்டுவந்தவை.

அந்தத் திங்கட்கிழமை என் குழுத் தலைவி ஜோஸ்லின் என் மேசைக்கு வந்து நின்றாள். உட்காரவில்லை.

“உனக்கு ஒரு புகார் வந்திருக்கு. சிஸ்டம் உனக்கு ஒதுக்கிடுச்சு. நான் வேற யாருக்காச்சும் மாத்திடறேன்.”

“என்ன புகார்?”

“விடைநீர்.”

இயந்திரம் வைத்த பெயர் அது. இசக்கி வைத்திருந்தால் இப்படி வைத்திருக்க மாட்டாள்.

“நானே பாக்கறேன்,” என்றேன்.

“ரூசோ, கேளு. இது அவ குடுத்த என்ட்ரி இல்ல. அவ டேப்லட்ல வகைபிரிக்காத ஃபைல் ஒண்ணு இருந்திருக்கு. மெஷின் அதுவா எடுத்துக்கிச்சு. பத்து மாசம் ஆச்சு. வழக்கமா சேகரிக்கிறவங்க குரல அழிச்சிட்டுத்தான் உள்ள போகும். இது மூல ஃபைல். அதுல அவ குரல் அப்படியே இருக்கு.”

டேப்லட்டைத் திருப்பிக் கொடுத்தது நான்தான். அவள் இறந்த மூன்றாவது வாரம். அலுவலகத்தில் கேட்டார்கள், கொடுத்தேன். திறந்து பார்க்கவில்லை.

“தவறுன்னு போட்டா?”

“ரூல் தெரியும்ல. மூலத்த அழிச்சாத்தான் மெஷின் மறக்கும். இல்லன்னா திரும்பக் கத்துக்கும். ஃபைல் போயிடும்.”

“உண்மைன்னு போட்டா?”

“அப்படியே இருக்கும். மூணு கோடிப் பேர் செய்யறாங்கப்பா. புகார் குடுத்தது ஒரே ஒரு ஆளு. எங்கம்மா சர்ச்சுக்குக் கிளம்புறப்பகூட பாதி வெச்சிட்டுப் போறாங்க. ஃபாதர் கேட்டா என்ன சொல்றதுன்னு நானே யோசிச்சிட்டு இருக்கேன்.”

சிரிக்கவைக்கப் பார்த்தாள். எனக்கு முகம் அசையவில்லை. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

இசக்கியின் குரல் என்னிடம் எங்கும் இல்லை. அவள் மற்றவர்கள் குரலைத்தான் பதிவு செய்வாள். தன் குரலைக் கேட்டால் கூசும் என்பாள். செய்திகள் எல்லாம் எழுத்தில்தான் அனுப்புவாள். கல்யாண வீடியோ இருக்கிறது. என் அப்பா சுயமரியாதைக்காரர். எனக்கு ரூசோ என்று பெயர் வைத்தவர். கல்யாணத்தில் தாலி இல்லை, மேளம் இல்லை. ஒன்பது பேர் மேடையில் பேசுகிறார்கள். இரண்டரை மணி நேரம். இசக்கி மாலையோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

விடைநீர் பொய் என்பது எனக்குத் தெரியும். அதுதான் சிக்கல்.

கல்யாணமாகிப் பத்தாம் நாள் ஆரம்பித்தாள். நான் அலுவலகம் கிளம்பிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த டம்ளரை அவள் வாங்கினாள். பாதித் தண்ணீர் இருந்தது. தட்டால் மூடி அலமாரியில் வைத்தாள்.

“என்ன இது?”

“எங்க ஊரு வழக்கம்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு கேட்டா அது வழக்கமா? போயிட்டு வாங்க.”

அவளுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். அந்தப் பொங்கலுக்குப் போனபோது என் மாமியாரிடம் கேட்டேன். “அப்படி ஒண்ணும் கெடயாதே மாப்ள,” என்றார். “அவ ஏதாச்சும் அளந்திருப்பா. சின்னதுல இருந்தே அப்படித்தான்.” இசக்கி அடுக்களை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளாக உண்டாக்கிய விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். வழக்கமே இல்லாத வீட்டுப் பையனுக்கு அவள் உண்டாக்கிக் கொடுத்த ஒரு வழக்கம். நான்கு வருடம் நடந்தது. அவள் ஊர் ஊராகக் கிளம்பும்போது அவளும் பாதி வைப்பாள். நான் மூடி வைப்பேன். நான் விட்டுப்போன மீதியை அவள் என்ன செய்தாள் என்று கேட்டதில்லை. மாலை திரும்பும்போது டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

கடைசியாகக் கிளம்பியது மருத்துவமனைக்கு. கீழே ஆட்டோ நின்றது. நல்ல காய்ச்சல். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தாள். இருவருமே கிளம்புகிறோம். வீட்டில் இருப்பவர் என்று யாரும் இல்லை. அவளே தட்டை எடுத்து மூடினாள். “அதுவே காத்துக் கெடக்கட்டும். வந்து குடிச்சுக்கிடுதேன்,” என்றாள்.

அந்த டம்ளர் இன்னும் அலமாரியில் இருக்கிறது. நான் தட்டை எடுத்ததில்லை.

புகார் கொடுத்தவரை நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. பெயர் உலகம்மாள். வயது நாற்பது. மாதவரத்தில் லாரிகள் நிற்கும் இடத்துக்கு எதிர்ச் சந்தில் கடை. லாரி இருக்கைகளுக்கு ரெக்சின் உறை தைக்கிறார். நான் போனபோது காலை பத்து மணி. தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே ஸ்டூலைக் காட்டினார்.

“முறையில இருந்தா? உக்காருங்க. ஆள் வருவாவன்னு நெனைக்கல. மெசின்தான் பதில் போடும்னு சொன்னாவ.”

“விசாரிக்க வந்திருக்கேன்.”

“என்னத்த விசாரிக்கிய? எங்க பக்கம் அப்படி ஒரு வழக்கம் கெடயாது. சொரண்டை எங்க ஊரு. சுத்துப்பட்டுல நாப்பது ஊரு எனக்குத் தெரியும். ஒரு எடத்துலயும் கெடயாது. எடுத்துருங்க. அவ்வளவுதான்.”

“என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.”

இயந்திரத்தை நிறுத்தினார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“எங்கம்மா செத்துப்போனா. மூணு மாசம் ஆச்சு. நான் இங்க இருந்து போய்ச் சேருததுக்குள்ள குளிப்பாட்டி வச்சிருந்தாவ. தூக்கப் போற நேரம். எங்க அண்ணன், மைனி, சித்தப்பா மக்க, ஒருத்தர் பாக்கி இல்லாம காதுல மாட்டியிருக்காவ. திடீர்னு எல்லாரும் ஒண்ணுபோல எந்திரிச்சு அடுக்களைக்குப் போறாவ. என்னடா இதுன்னு பாக்கேன். வரிசையா டம்ளரும் கையுமா வாறாவ. எங்கம்மா வாயில கொஞ்சம் கொஞ்சம் ஊத்திட்டு, மீதிய மூடி மூடி வைக்காவ. ஏழு டம்ளர். கல்யாணப் பந்தி மாதிரி.”

“நீங்க கேட்டீங்களா?”

“கேட்டேன். எங்க அண்ணன் என்னைய ஒரு பார்வை பாத்தான். ‘மெட்ராஸ்லயே கெடந்து இவளுக்கு நம்ம முறையெல்லாம் மறந்து போச்சு’ன்னு சொன்னான். ஊரே நிக்கி. நான் அங்க பெறந்து வளந்தவ சார். அவனுக்குக் காதுல எவளோ சொல்லுதா. ஆனா ஊரு மறந்தவ நான்.”

பக்கத்துக் கடையிலிருந்து தேநீர் வந்தது. என்னிடம் ஒன்றைத் தள்ளினார்.

“சரி, அந்த நேரத்துல உங்க வழக்கம் என்ன? அதைச் சொன்னீங்கன்னா பதிவு பண்ணிக்கலாம்.”

கத்தரிக்கோலை எடுத்து மறுபடி கீழே வைத்தார்.

“அதான் தெரியாதே,” என்றார். “எங்க பெரியம்ம செத்தப்ப எங்கம்மா என்னமோ செஞ்சா. எனக்கு ஆறு ஏழு வயசு. தூக்கப் போற நேரந்தான். நடைவாசல்ல நின்னு கையில எதையோ வச்சுக்கிட்டு என்னமோ செஞ்சா. சேலை நிறங்கூட ஞாபகம் இருக்கு. கையில என்னன்னு தெரியல. கொஞ்ச நாளா யோசிச்சா வார மாதிரி இருந்துச்சு. இப்பக் கண்ண மூடுனா எங்கம்மா கையில டம்ளரு இருக்கு. இனி அது வராது.” கண்ணைத் துடைக்கவில்லை. “எங்களது என்னன்னு எனக்குத் தெரியாது சார். ஆனா இது இல்லன்னு தெரியும். அந்த எடத்தக் காலியா விடுங்க. போதும்.”

நான் குறிப்பெடுத்தேன். எடுக்க ஒன்றுமில்லை, ஆனாலும் எழுதினேன்.

“நீங்க எந்த ஊரு?”

“ரயில்வே குவார்ட்டர்ஸ்.”

“அது ஒரு ஊரா?”

“எங்களுக்கு அதான் ஊரு. அப்பா எஞ்சின் டிரைவர். ஜோலார்பேட்டை.”

“பேரு?”

“ரூசோ.”

“வேதக்காரவியளா? சர்ச்சுக்குப் போறவியளா?”

“இல்ல. அப்பா நாத்திகர். வீட்ல சடங்கு எதுவும் கிடையாது.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

“குடுத்து வச்சவரு நீங்க,” என்றார். பிறகு, “இத எழுதிக் குடுத்த பொம்பள யாரு? இசக்கியம்மாள்னு போட்டிருக்கு. எங்க பக்கத்துப் பேராத்தான் இருக்கு. நேர்ல வந்தா நாலு கேள்வி கேப்பேன்.”

“இறந்துட்டாங்க.”

“அய்யோ.” கையை வாயில் வைத்தார். “வயசானவியளா?”

“முப்பத்தொண்ணு.”

“சின்னப் பிள்ளையில்லா. அப்ப வேணும்னு செஞ்சிருக்க மாட்டா. எங்கயோ தப்பா வெளங்கியிருப்பா.” தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். “குடிங்க, ஆறிப்போச்சு. பாதிய வச்சிட்டுப் போகாதீய, எனக்கு அதப் பாத்தாலே எரியுது.”

நான் பாதி வைத்திருந்தேன். குடித்து முடித்தேன்.

மறுநாள் மதியம் சரிபார்ப்பு அறைக்குப் போனேன். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு மேசை, ஒரு திரை, காதொலிக் கருவி. பதிவை நகலெடுக்க முடியாது. இங்கே உட்கார்ந்து எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

உண்மை என்று குறிக்கலாம் என்றுதான் உள்ளே போனேன். எல்லா வழக்கத்தையும் யாரோ ஒருவர் எப்போதோ ஆரம்பித்தார்தானே. உலகம்மாளுக்கு மட்டும் இதை அணைத்துவைக்கச் சொல்லலாம். குரல் இருக்கும். நினைத்தபோது வந்து கேட்கலாம். பொய் சொல்வதில் எனக்கு வருத்தம் எதுவும் இருக்கவில்லை. பதினான்கு மாதமாக எதிலும் இல்லை.

பதிவின் தேதியைப் பார்த்தேன். கல்யாணமாகி ஒன்பதாம் நாள். அன்று நாங்கள் அப்பா வீட்டில் இருந்தோம். அப்பா அதற்கு இரண்டு வருடம் கழித்து இறந்தார்.

முதலில் குக்கர் விசில். காகம். பிறகு அவள்.

“மாமா, இது ஆபீசுக்கு இல்ல. எனக்கு. பயப்படாதீங்க.”

“எதுக்கும்மா? நான் என்ன பாடவா போறேன்?” அப்பா. அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். எஞ்சின் சத்தத்தில் கத்திக் கத்தித் தொண்டை போனவர்.

“பாடுனாலும் பாடுங்க. கேக்கதுக்கு ஆளா இல்ல.”

சிரித்தாள். நான் காதொலிக் கருவியைக் கழற்றினேன். ஐந்து நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்ப மாட்டினேன்.

“உங்க வீட்டு முறை ஒண்ணு சொல்லுங்க மாமா.”

“நம்ம வீட்ல ஏதும்மா முறை? ரூசோ அம்மா செத்தப்பகூட ஒண்ணும் செய்யல. நாலு பேர் பேசினோம், எடுத்துட்டுப் போனோம்.”

“அப்ப ஏன் தண்ணிய பாதி வச்சிட்டுப் போறீங்க?”

குக்கர் இன்னொரு விசில் அடித்தது.

“எப்பப் பாத்த?”

“மூணு நாளா பாக்கேன். மார்க்கெட்டுக்குப் போனாலும் பாதி. பேப்பர் வாங்கப் போனாலும் பாதி.”

“அது... பழக்கம்.”

“என்ன பழக்கம்?”

அப்பா நாற்காலியை நகர்த்தும் சத்தம்.

“டூட்டிக்குக் கிளம்புறப்ப ரூசோ அம்மா ஒரு டம்ளர் குடுப்பா. டைம் இருக்காது. பாதி குடிச்சிட்டு ஓடுவேன். ஒரு நாள் நல்ல வெயில். முழுசாக் குடிச்சிட்டேன். அன்னைக்கு வாணியம்பாடி தாண்டி ஒரு பொண்ணு. தண்டவாளத்துல நின்னா. பிரேக் போட்டேன். ட்ரெயின் உடனே நிக்காதும்மா. அது பாட்டுக்குப் போகும். நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அவளும் என்னப் பாத்தா.”

இசக்கி ஒன்றும் சொல்லவில்லை. அவள் நல்ல சேகரிப்பாளர். எப்போது பேசக் கூடாது என்று தெரியும்.

“வீட்டுக்கு வந்து இவகிட்டச் சொன்னேன். எதுவும் கேக்கல. மறுநாள் கிளம்புறப்ப டம்ளர் குடுத்தா. பாதியில அவளே வாங்கிட்டா. மூடி வெச்சா. அதுக்குச் சம்பந்தம் இருக்கா? இல்ல. எனக்குத் தெரியாதா? மேடையேறி நானே இதையெல்லாம் கிழிச்சவன். ஆனா அதுக்கப்புறம் முழு டம்ளர் குடிக்கத் தொண்டை விடல.”

“மீதிய அத்தை என்ன செய்வாங்க?”

“வண்டிய ஒப்படைச்சிட்டு ஸ்டேஷன்ல இருந்து போன் பண்ணுவேன். அப்புறம் அவ குடிப்பா. அதுவரைக்கும் வேற தண்ணி தொட மாட்டா. ஒரு தடவ வெள்ளத்துல மாட்டிக்கிட்டு ஒரு பகல் முழுக்க போன் பண்ண முடியல. அப்பவும் அப்படியே உக்காந்திருந்தா. போனவன் போய்ச் சேந்துட்டான், இருக்கறவ இனி குடிக்கலாம். அவ கணக்கு அது.”

கரண்டி எங்கோ உரசியது. அப்பா குரலை இன்னும் தாழ்த்தினார்.

“ரூசோகிட்ட சொல்லிடாதம்மா. சிரிப்பான்.”

“சொல்ல மாட்டேன். யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா அவுகளும் பாதிதான் வைக்காவ மாமா.”

“யாரு?”

“உங்க மவன். கல்யாணத்துக்கு மறுநாள்ல இருந்து பாக்கேன். எங்க கெளம்பினாலும் பாதித் தண்ணிய வச்சிட்டுப் போறாவ. அவுகளுக்கே தெரியாது. என்னடா இதுன்னுதான் உங்ககிட்ட கேட்டேன்.”

காகம் கரைந்தது.

“சின்னப் பையன் அப்ப,” என்றார் அப்பா. “பாத்திருப்பான்.”

“நாளைக்கு அவுக டம்ளர நான் வாங்கி மூடி வைப்பேன். கேட்டா என்ன சொல்ல?”

“ஏதாச்சும் சொல்லும்மா.”

“எங்க ஊரு வழக்கம்னு சொல்லிருதேன். எங்க ஊர்ல ஆயிரம் கெடக்கு. அதுல இது ஒண்ணு. யாரு வந்து எண்ணிப் பாக்கப் போறா?”

இருவரும் சிரித்தார்கள். பதிவு முடிந்தது. ஆறு நிமிடம் நாற்பது நொடி.

இயந்திரம் எங்கே தவறியது என்று புரிந்தது. ஒலியில் தெளிவாக இருந்தது அவள் குரல்தான். ‘எங்க ஊரு வழக்கம்’ என்ற வரியைப் பிடித்துக்கொண்டது. அவள் ஊர் எது என்று அதற்குத் தெரியும். அங்கிருந்து சுற்றுப்பட்டுக்கும், பிறகு எல்லா ஊருக்கும் இது பொது என்று விரித்துக்கொண்டது. தண்டவாளத்துப் பெண்ணைப் பற்றிய பேச்சிலிருந்து சாவு வீட்டுக்கும் இது பொருந்தும் என்று முடிவு செய்தது. போய்ச் சேர்ந்ததும் மீதியைச் செடிக்கு ஊற்றவும் என்று ஒரு குறிப்பு இருந்தது. பதிவில் செடி எதுவும் இல்லை. அழகாக இருக்கட்டும் என்று அதுவாகச் சேர்த்திருக்கிறது.

பொய் இல்லை. வழக்கமும் இல்லை. மூன்று வெவ்வேறு வீடுகளில் இருந்தால்தான் வழக்கம் என்பது விதி. இது ஒரு வீடு. என் அம்மாவின் பயம். அப்பாவின் வெட்கம். அதை நான் அறியாமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு எதுவும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு.

இரண்டாம் முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்டேன். ‘யாருக்கும் சொல்ல மாட்டேன்’ என்ற இடத்தில் நிறுத்தினேன். அவள் சொல்லவில்லை. நான்கு வருடம் என் பக்கத்தில் இருந்து, கேலி செய்ய எத்தனையோ நேரம் வாய்த்தும், சொல்லவில்லை. கடைசிக் காய்ச்சலிலும் சொல்லவில்லை. நான் டேப்லட்டைக் கொடுத்து மூன்று கோடிப் பேருக்குச் சொல்லிவிட்டேன்.

சுரண்டையில் ஏழு டம்ளர்கள் என் அம்மாவின் பயத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. உலகம்மாளின் தாய் கையில் ஏதோ இருந்தது. அந்த இடத்தில் எங்கள் டம்ளர் இருக்கிறது.

நான்காம் முறை கேட்டேன். சிரிப்பு வரும் இடத்தை இரண்டு தடவை. பிறகு ‘தவறு’ என்று குறித்தேன். காரணம் என்ற கட்டத்தில் ‘ஒரே வீடு. முகவரி: என் வீடு’ என்று எழுதினேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்று அழுத்தினேன்.

திரை ஒரு முறை வெளுத்தது. பட்டியலில் அந்த வரி இல்லை.

வெளியே ஜோஸ்லின் நின்றிருந்தாள். கண்ணாடிக் கதவு வழியே பார்த்திருப்பாள்.

“போட்டுட்டியா?”

“போட்டுட்டேன்.”

“என்ன இருந்துச்சு அதுல?”

“குக்கர் சத்தம்.”

அவள் என் கையைப் பிடித்தாள். நான் விடுவித்துக்கொள்ளவில்லை. திருப்பியும் பிடிக்கவில்லை.

அன்று மாலையே அறிவிப்பு போனது. இந்த வழக்கம் நீக்கப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம். இரண்டு நாள் இணையத்தில் சண்டை. நம் மரபை அழிக்கிறார்கள் என்று ஒரு கூட்டம். நானூறு வருட வழக்கம் என்று ஒருவர் ஆதாரத்தோடு எழுதினார். மூன்றாம் நாள் வேறு சண்டை வந்தது. டம்ளர்கள் தள்ளுபடிக்கு வந்தன. விமான நிலைய வாசலில் இப்போது கையசைக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை கைப்பேசி அடித்தது. உலகம்மாள்.

“எடுத்துட்டிய போல. சந்தோசம் சார்.”

“ம்.”

“எங்க அண்ணன்கூடப் பேசுனான். ‘அது நம்மளது இல்லயாமே’ன்னான். ‘நான் அன்னைக்கே சொன்னேம்லா’ன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. அதுவே பெருசு.”

“சரிங்க.”

வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பின்னால் லாரி ஹாரன்.

“சார், ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“எங்க வீட்டுக்காரரு இப்பத்தான் நாக்பூர் லோடு ஏத்திக்கிட்டுக் கெளம்புனாவ. பாதித் தண்ணிய வச்சிட்டுப் போயிட்டாவ. காதுல மாட்டிப் பழகிப்போச்சுல்லா. இப்ப அது ஒண்ணும் சொல்லல, ஆனா மனுசனுக்குக் கை அப்படிப் போயிட்டு.”

“ஊத்திடுங்க.”

“ஊத்தத்தான் போனேன். மூணு நாள் ரோடு சார். ஊத்த மனசு வரல. மூடி வச்சிட்டேன். கிறுக்குச் சிறுக்கி நான், நானே புகார் குடுத்துட்டு நானே மூடி வைக்கேன். இப்ப என்ன செய்யன்னு தெரியல. போய்ச் சேந்தா செடிக்கு ஊத்தணும்னு முன்னாடி அந்த மெசின் சொல்லிச்சு. எங்க வீட்டுல ஏது செடி?”

“செடிக்கு இல்ல,” என்றேன்.

“பொறவு?”

“அவர் போய்ச் சேந்து போன் பண்ணுவார்ல. அதுக்கப்புறம் குடிச்சிடணும்.”

“யாரு?”

“இருக்கறவங்க.”

தையல் இயந்திரத்தின் மேல் எதையோ வைக்கும் சத்தம்.

“இது யாரு சொன்னது? மெசினா?”

“இல்ல. எங்க வீட்ல.”

“உங்க வீட்டுலதான் ஒண்ணுமே கெடயாதுன்னிய?”

“ஒண்ணு இருந்துச்சு.”

“சரி சார். போன் வரட்டும். பாக்கேன்,” என்று வைத்துவிட்டார்.

நான் சமையலறைக்குப் போனேன். அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்தேன். கனம் இல்லை. தட்டை விலக்கினேன். தண்ணீர் எப்போதோ வற்றியிருந்தது. உள்ளே பாதிக்கு ஒரு வெள்ளை வளையம். அடியில் உப்பு.

வளையம் வரை தண்ணீர் பிடித்தேன். நின்றபடியே குடித்தேன். கரித்தது. கொஞ்சமும் மீதி வைக்கவில்லை.